பெரியப்பாவின் டிடி-214-இல் விடுபட்ட பதக்கங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

தேன்மொழி

வணக்கம். அமெரிக்க ராணுவ ஆவணங்களோடு பழக்கம் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள்.

என் பெரியப்பா 1960-களில் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். கிரீன் கார்டு கிடைத்த பிறகு, 1968-இல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது. குடியுரிமை வாங்காத நிரந்தரவாசிகளையும் அப்போது அழைத்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1969 மார்ச் முதல் 1970 மார்ச் வரை வியட்நாமில் இருந்தார். 25-ஆவது காலாட்படை டிவிஷன், கூ சி முகாம். வேலைப் பிரிவு 11பி, அதாவது சாதாரணக் காலாட்படை வீரர்.

அவருடைய டிடி-214 படிவத்தில் (ராணுவத்தை விட்டு வெளியேறும்போது தரும் சேவைச் சான்று) 24-ஆவது கட்டத்தில் மூன்றே மூன்று பதக்கங்கள்தான் இருக்கின்றன. தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், அன்றைய தென் வியட்நாம் அரசு கொடுத்த கேம்பெய்ன் மெடல். ஆனால் அவர் இடது தோளில் இன்னமும் மோர்ட்டார் குண்டின் சில்லு இருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரிகிறது. கூ சி மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓர் அதிகாரி வந்து, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைத் தலையணையில் குத்திவிட்டுப் போனாராம். அந்தப் பதக்கம் வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது தொலைந்துவிட்டது. காயம்பட்ட ரேடியோக்காரரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இழுத்து வந்ததற்காகப் பிரான்ஸ் ஸ்டார் (Bronze Star) என்ற வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன் என்று கேப்டன் சொன்னாராம். அதற்குப் பிறகு அதைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

இப்போது அவருக்கு 80 வயதுக்கு மேல். இதையெல்லாம் பதிவில் ஏற்ற முடியுமா? எந்தப் படிவம், யாருக்கு அனுப்புவது?

பழைய சிப்பாய்

முடியும். நான் அமெரிக்கத் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் தன்னார்வப் பணியில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குள் மூன்று வேறு வேறு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால், எளிதாகக் கிடைக்க வேண்டியதும் கடினமானதோடு சேர்ந்து தேங்கிவிடும்.

முதல் வகை, தேதியும் பிரிவும் தெரிந்தாலே தானாகச் சேர வேண்டியவை. பெரியப்பா இருந்த ஓராண்டில் மூன்று போர்க்கட்டங்கள் வருகின்றன: 1969 டெட் எதிர்த்தாக்குதல், 1969 கோடை-இலையுதிர், 1970 குளிர்-வசந்தம். அதனால் வியட்நாம் சேவைப் பதக்கத்தின் மேல் மூன்று சிறு வெண்கல நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். அடுத்து, பனை இலைச் சின்னத்தோடு கூடிய வியட்நாம் வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டு. 1974-இல் தரைப்படைத் தலைமையகம் வெளியிட்ட 8-ஆம் எண் பொது ஆணைப்படி, வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. பெரியப்பா 1970-இலேயே வெளியே வந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து வந்த ஆணை அவர் டிடி-214-இல் எப்படி இருக்கும்? இது யார் தவறும் இல்லை. ஆனால் கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

இரண்டாவது வகை, நிபந்தனைகள் நிறைவேறினால் உரிமையாகக் கிடைப்பவை. பர்ப்பிள் ஹார்ட் இந்த வகை. இதற்கு யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. எதிரியின் செயலால் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும், மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அரசு ஆவணத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். காலாட்படை வீரர்களுக்கான கம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜும் இதே வகைதான். காலாட்படை வேலைப்பிரிவு, காலாட்படைப் பிரிவில் பணி, அந்தப் பிரிவு நேரடித் தரைச் சண்டையில் இருந்தபோது இவரும் அங்கே இருந்தது, இந்த மூன்றும் வேண்டும். வியட்நாமில் இருந்ததை மட்டும் வைத்துத் தர மாட்டார்கள்.

மூன்றாவது வகை பிரான்ஸ் ஸ்டார். இது மேலதிகாரிகள் பார்த்து முடிவு செய்து கொடுப்பது. ஆணை வெளியானதா, பரிந்துரை மேலே போகவே இல்லையா என்பதைப் பொறுத்து வழி மாறும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இப்போதைக்கு எந்தத் திருத்த மனுவும் போடாதீர்கள். முதலில் முழுக் கோப்பையும் வரவழையுங்கள். டிடி-214 என்பது அந்தக் கோப்பைப் பார்த்து ஓர் எழுத்தர் தட்டச்சு செய்த ஒரு பக்கம், அவ்வளவுதான். வியட்நாமில் இருந்து திரும்பியவர்களை மிக வேகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவில் இருந்து ஆணைகள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கலாம்.

தேன்மொழி

மிக்க நன்றி சார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரியப்பா சம்மதிக்கவில்லை. "விடும்மா, அந்த ரேடியோக்காரப் பையன் அப்புறம் பிழைக்கலை, எனக்கு எதுக்குப் பதக்கம்" என்கிறார். அவருக்குத் தெரியாமல் நான் விண்ணப்பிக்க முடியுமா?

வைகைக்கரை

அம்மா, கேட்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். அவர் வேண்டாம் என்று சொல்லும்போது நாம் ஏன் கிளற வேண்டும்? போர் பார்த்த பலர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும். பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை வருகிறது. அதற்காக அந்த மனிதர் பழைய ரணத்தை மறுபடி எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வியட்நாமில் ஆற்றுப் படகில் இருந்தவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அதைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பழைய சிப்பாய்

வைகைக்கரை ஐயா சொல்வதில் பாதி சரி. அவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது, செய்யவும் முடியாது. உயிரோடிருக்கும் படைவீரரின் முழுக் கோப்பைக் கேட்க அவர் கையெழுத்து அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். திருத்த மனுவிலும் அவர்தான் கையெழுத்திட வேண்டும். நினைவு தவறிவிட்டாலோ இறந்துவிட்டாலோதான் சட்டப்படியான பிரதிநிதியோ வாரிசோ சான்றோடு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இதைச் சுவரில் மாட்டும் ஆசை என்று சுருக்கிவிட வேண்டாம். பர்ப்பிள் ஹார்ட் பெற்றவருக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத் துறை) மருத்துவத் திட்டத்தில் மூன்றாவது முன்னுரிமைப் பிரிவில் இடம் உண்டு. கம்பாட் பேட்ஜோ பர்ப்பிள் ஹார்ட்டோ பதிவில் இருந்தால், போர் தொடர்பான மன அழுத்தத்துக்கு இழப்பீடு கேட்கும்போது "நீங்கள் சண்டையில் இருந்ததற்கு என்ன சாட்சி" என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. தூக்கமில்லாமல் 50 வருடம் கழித்த ஒருவர், கோப்பில் ஒரு வரி இல்லாததால் தான் சண்டையில் இருந்ததை நிரூபிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

தேன்மொழி, பெரியப்பாவிடம் பதக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தோள் காயத்தின் மருத்துவப் பதிவைக் கேட்கலாமா என்று கேளுங்கள். அது அவருடைய உடம்பைப் பற்றிய தாள், அதைக் கேட்க அவருக்கு எந்தக் கூச்சமும் தேவையில்லை.

ஆவணப்புழு

நான் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்காக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்துக் கொடுப்பவள். பெரியப்பா சம்மதித்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

படிவத்தின் பெயர் எஸ்.எஃப்.-180. காகிதத்திலும் அனுப்பலாம், இணையத்திலும் கேட்கலாம். அது மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆளணி ஆவண மையத்துக்குப் போகும். "டிடி-214 நகல்" என்று மட்டும் கேட்டால் அந்த ஒரு பக்கம்தான் வரும். "முழு அதிகாரப்பூர்வ ஆளணிக் கோப்பு, எல்லாப் பக்கங்களும்" என்று தெளிவாக எழுதுங்கள். அதில் உங்களுக்கு முக்கியமான தாள் டிஏ ஃபாரம் 20. சாதாரண வீரர்களின் தகுதிப் பதிவு அது. 38-ஆவது பகுதியில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன வேலை, நடத்தைக்கும் திறமைக்கும் என்ன மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். 40-ஆவது காயங்கள். 41-ஆவது விருதுகள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்த பதிவுகள் பல சமயம் ஆளணிக் கோப்பில் இருக்காது. அவை மருத்துவமனையின் பெயர், ஆண்டு வாரியாகத் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனி விண்ணப்பமாகக் கேட்க வேண்டும். 1969-இல் கூ சி-யில் இருந்தது 12-ஆவது இவேக்குவேஷன் ஹாஸ்பிட்டல். அந்தப் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். பிறகு ஜப்பானுக்கோ வேறு எங்கோ மாற்றியிருந்தால் அந்த மருத்துவமனையின் பெயரும் வேண்டும்.

எண் விஷயத்தில் கவனம். 1969 ஜூலை 1 முதல் தரைப்படை பழைய சேவை எண்ணை விட்டுவிட்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு மாறியது. பெரியப்பா இருந்த காலம் அந்த மாற்றத்துக்கு நடுவே விழுகிறது. மாற்றத்துக்கு முந்தைய ஆணைகளில் சேவை எண்ணும், பிந்தையவற்றில் மற்றதும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் எழுதுங்கள்.

கொரியா மருமகன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மனைவி அமெரிக்கர். மாமனார் கொரியப் போரில் தரைப்படையில் இருந்து 1953-இல் வெளியே வந்தவர், இப்போது இல்லை. செயின்ட் லூயிஸுக்கு எழுதினோம், "கோப்பு தீயில் எரிந்துவிட்டது" என்று பதில் வந்தது. அவருக்கும் உறைபனிக் காயம், துப்பாக்கிக் காயம் என்று கதைகள் உண்டு. எங்கள் கதை அத்தோடு முடிந்ததா?

ஆவணப்புழு

முடியவில்லை. 1973 ஜூலை 12-ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை வெளியேறிய தரைப்படை வீரர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியேறியவர்களில், அகர வரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் 75 சதவீதம். மொத்தம் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள். நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை.

தேன்மொழியின் பெரியப்பா 1970-இல் வெளியேறிய தரைப்படை வீரர், அதனால் தீ அவரைத் தொடவில்லை.

உங்கள் மாமனாருக்கு மூன்று இடங்களில் தேடலாம். அதே மையத்தில் கடைசிச் சம்பளப் பட்டியல்கள் தனியாக இருக்கின்றன. அவற்றை வைத்துச் சேவைச் சான்று எழுதித் தருவார்கள். இரண்டாவது, மார்னிங் ரிப்போர்ட். ஒவ்வொரு கம்பெனியிலும் அன்றன்று யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்று எழுதிய தாள். கம்பெனியின் முழுப் பெயரும் சில மாத இடைவெளிக்குள் ஒரு காலமும் கொடுத்தால் தேடுவார்கள். மூன்றாவது உங்களுக்கு மிகவும் பொருந்தும். ராணுவ சர்ஜன் ஜெனரல் அலுவலகம் புள்ளிவிவரத்துக்காகத் தொகுத்த மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் 1942 முதல் 1945 வரைக்கும், 1950 முதல் 1954 வரைக்கும் உள்ளன. சேவை எண், காயத்தின் வகை, சண்டையில் பட்டதா இல்லையா என்பதெல்லாம் குறியீடாக இருக்கும். எரிந்த கோப்புக்கு மாற்றாக இதைக் காட்டிப் பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பதில் கடிதத்தில் அந்தப் பதிவையும் பார்த்தார்களா என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சில கோப்புகள் விளிம்பு கருகி நடுப்பகுதி மிஞ்சியவை. அவற்றையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் நனைந்து, கரியேறி, ஒவ்வொரு தாளாகப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த ஊழியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தேன்மொழி

பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். தோள் மருத்துவப் பதிவு என்று கேட்டதும் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு விண்ணப்பமும் போய்விட்டன. கோப்பு வந்ததும் எழுதுகிறேன்.

சோழமண்டலம்

இணையத்தில் ஒரு நிறுவனம் பணம் கட்டினால் எல்லாப் பதக்கத்தையும் வாங்கித் தருகிறோம் என்கிறதே, அது சரிப்படுமா?

பழைய சிப்பாய்

வேண்டாம். அரசிடம் திருத்தம் கேட்கக் கட்டணமே கிடையாது. உரிமை உறுதியான பதக்கங்களை முதல் முறை வீரருக்கு இலவசமாகவே அனுப்புகிறார்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் கவுண்டியில் முன்னாள் படைவீரர் சேவை அதிகாரி இருப்பார். அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற சங்கங்களிலும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். யாரும் ஒரு காசு கேட்க மாட்டார்கள்.

தேன்மொழி

கோப்பு வந்துவிட்டது! கனமான உறை. டிஏ ஃபாரம் 20-இல் பார்த்ததை எழுதுகிறேன்.

38-இல்: "ரைஃபிள்மேன்", பி கம்பெனி, பிறகு அதே கம்பெனியில் "ஃபயர் டீம் லீடர்". நடத்தை, திறமை இரண்டிலும் எல்லா வரியிலும் "எக்ஸலன்ட்". நடுவில் சில வாரங்கள் "நோயாளி" என்று ஒரு மருத்துவமனைப் பெயர்.

40 (காயங்கள்): காலி.

41 (விருதுகள்): "சி.ஐ.பி." என்று ஒரு வரி, பக்கத்தில் டிவிஷன் பொது ஆணையின் எண், 1969.

பர்ப்பிள் ஹார்ட், பிரான்ஸ் ஸ்டார் எதுவும் இல்லை. 40 காலியாக இருப்பதைப் பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது.

பழைய சிப்பாய்

உடையாதீர்கள். உங்கள் கையில் இருப்பது நல்ல கோப்பு.

சி.ஐ.பி. என்பது கம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ்தான், அதற்கு ஆணை எண்ணே இருக்கிறது. டிடி-214-க்கு ஏறாமல் போனது வெறும் எழுத்தர் பிழை. இதற்குத் தரைப்படை ஆவணத் திருத்த வாரியம் வரை போகத் தேவையில்லை. மூன்று நட்சத்திரங்களும் வியட்நாம் வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டும் அப்படியே. உங்கள் பட்டாலியனுக்குத் தனியாக வேறு பிரிவு விருது உண்டா என்று 672-3 என்ற எண்ணுள்ள தரைப்படைக் கையேட்டில் பாருங்கள். வியட்நாம் காலத்துப் பிரிவு விருதுகளும் போர்க்கட்டங்களும் தேதியோடு அதில் இருக்கின்றன.

குட் காண்டக்ட் மெடலை (நன்னடத்தைப் பதக்கம்) நீங்கள் கேட்கவே இல்லை. பொதுவாக மூன்று வருடச் சேவைக்கு அது. ஆனால் முதல் முறை பெறுபவர் மூன்று வருடம் முடிக்காமல், ஒரு வருடத்துக்கு மேல் பணியாற்றிச் சேவையை நிறைவு செய்து வெளியேறினாலும் தரலாம். எல்லா மதிப்பீடும் "எக்ஸலன்ட்", தண்டனை எதுவும் கோப்பில் இல்லை, கமாண்டர் மறுத்ததாகக் கடிதமும் இல்லை என்றால், கேளுங்கள். கட்டாயச் சேவைக்கு வந்து இரண்டு வருடத்தில் வெளியேறிய வீரர்களில் பலருக்கு இது விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றை முதலில் நிர்வாகத் திருத்தமாகக் கேளுங்கள். செயின்ட் லூயிஸ் மையமே விருது உரிமையைச் சரிபார்க்கும். சிக்கலானவை கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள தரைப்படை மனிதவளக் கமாண்டின் விருதுப் பிரிவுக்குப் போகும். முடிந்ததும் டிடி-215 என்ற தாள் வரும். பழைய டிடி-214-ஐ அழித்து எழுத மாட்டார்கள். இரண்டும் சேர்ந்துதான் இனி ஆவணம், ஒன்றை விட்டு ஒன்றைக் காட்டக்கூடாது.

40 காலியாக இருப்பதைப் பற்றி ஆவணப்புழு சொல்லட்டும்.

ஆவணப்புழு

40-ஆவது பகுதி காலியாக இருப்பது அவருக்குக் காயம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்தத் தாள் கம்பெனி எழுத்தரிடம் இருந்தது, பெரியப்பா மருத்துவமனையில் இருந்தார். ஆனால் வாரியம் அந்தக் காலிக் கட்டத்தை நிச்சயம் உங்களுக்கு எதிராகச் சுட்டிக்காட்டும். அதனால் அதை மிஞ்சும் தாள் வேண்டும்.

38-இல் "நோயாளி" வரி இருக்கிறதல்லவா? அந்தத் தேதிதான் இப்போது உங்கள் சாவி. அதை வைத்து நான்கு தேடல்கள். பி கம்பெனியின் அந்த மாத மார்னிங் ரிப்போர்ட், செயின்ட் லூயிஸில். 12-ஆவது இவேக்குவேஷன் மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவு, ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது, வியட்நாம் காயமடைந்தோர் பட்டியல். இதை வாரியமே வழக்கமாகப் பார்க்கும், பெயர் இருந்தால் வேலை பெரிதும் குறைந்துவிடும். நான்காவது, மேரிலாந்தில் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே 472-ஆவது ஆவணத் தொகுதியில் வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகளின் பொது ஆணைகளும் தினசரிக் குறிப்பேடுகளும் இருக்கின்றன. மருத்துவமனைகளே பர்ப்பிள் ஹார்ட் ஆணை வெளியிட்டதுண்டு. தலையணையில் குத்தினார்கள் என்றால் ஆணையை டிவிஷன் போட்டிருக்க வேண்டியதில்லை, மருத்துவமனை போட்டிருக்கலாம். எனவே டிவிஷன் ஆணைகளில் பெயர் இல்லை என்று தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

பட்டாலியனின் தினசரிக் குறிப்பேட்டில் அந்த நாளில் மோர்ட்டார் தாக்குதல், பி கம்பெனியில் இத்தனை பேர் காயம் என்று ஒரு வரி இருந்தால் அதுவும் பயன்படும். பெயர் இருக்காது, சில சமயம் வரிசை எண் மட்டும் இருக்கும். தனியாக அது போதாது, மார்னிங் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்தால் பேசும்.

வைகைக்கரை

பிரான்ஸ் ஸ்டார் விஷயத்தில் நடக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்கிறேன். கேப்டன் வாயால் சொன்னதை 50 வருடம் கழித்து யார் ஏற்பார்கள்? அதற்காக அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பழைய சிப்பாய்

நடந்திருக்கிறது ஐயா. கேப்டன் பாரிஸ் டேவிஸ், கறுப்பின அதிகாரி, சிறப்புப் படையைச் சேர்ந்தவர். 1965 ஜூனில் போங் சான் அருகே நடந்த சண்டையில், பலமுறை காயம்பட்ட பிறகும் தன் ஆட்களை மீட்டு வந்தார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கேட்டு எழுதிய பரிந்துரைக் கோப்பு காணாமல் போனது. மறுபடி அனுப்பினார்கள், அதுவும் போனது. கூட இருந்தவர்களும் தன்னார்வலர்களும் விடாமல் கோப்பைத் திரும்பக் கட்டினார்கள். 2023 மார்ச் 3-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் பதக்கம் அணிவித்தார்கள். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின் ஆசிய அமெரிக்க வீரர்களின் விருதுகளை மறுஆய்வு செய்து, 2000 ஜூனில் 22 பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள். செனட்டர் டேனியல் இனோவே அதில் ஒருவர். நம் முகமுள்ளவர்களின் கோப்பை அந்தக் காலத்தில் எப்படிப் படித்தார்கள் என்பதும் இதில் ஒரு கேள்விதான், அதைப் பேசாமல் விட எனக்கு மனமில்லை.

வழி இதுதான். ஆணை வெளியாகியிருந்தால், அதைக் காலேஜ் பார்க்கில் கண்டுபிடித்துக் காட்டினால் போதும். பரிந்துரை மேலே போகாமலே நின்றிருந்தால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆவது தலைப்பில் 1130-ஆவது பிரிவு இருக்கிறது. காலம் கடந்த பரிந்துரையையும் காங்கிரஸ் உறுப்பினர் வழியாக அனுப்பினால் தரைப்படை அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தகுதியை முடிவு செய்வது அவர்கள்தான், ஆனால் "நாள் கடந்துவிட்டது" என்று திருப்ப முடியாது. அதற்கு டிஏ ஃபாரம் 638 என்ற விருதுப் பரிந்துரைப் படிவம், நேரில் பார்த்த சாட்சிகளின் வாக்குமூலம், அன்றைய கமாண்டரோ அவருக்கு இணையாக நேரடியாக அறிந்தவரோ எழுதும் பரிந்துரை வேண்டும். அந்தக் கேப்டன் உயிரோடு இருக்கிறாரா என்று 25-ஆவது டிவிஷன் சங்கத்தில் விசாரியுங்கள். இதில் மட்டும் தாமதம் கூடாது. தாள்கள் பெட்டியில் காத்திருக்கும், சாட்சிகளுக்கும் 80 வயது ஆகிறது.

சாட்சிக் கடிதத்தில் "அவர் மிகத் தைரியசாலி" என்று பத்து வரி எழுதுவதால் பயனில்லை. நான் அன்று எந்த கம்பெனியில், எந்த இடத்தில், அவரிடம் இருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தேன், என் கண்ணால் என்ன பார்த்தேன், பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

தேன்மொழி

நல்ல செய்தி இரண்டு. டிடி-215 வந்துவிட்டது. கம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ், மூன்று நட்சத்திரங்கள், வீரச் சிலுவைப் பிரிவுப் பாராட்டு, குட் காண்டக்ட் எல்லாம் ஏறிவிட்டன. பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு "குட் காண்டக்ட்டா, சரிதான்" என்றார். பெரியம்மா அவரிடம் எதுவும் கேட்காமல் நாலு பேருக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

மருத்துவமனைப் பதிவும் வந்தது. இடது தோளில் வெடிசில்லுக் காயம், எதிரி மோர்ட்டார் தாக்குதலில் பட்டது என்று சேர்க்கைத் தாளிலேயே இருக்கிறது, கீழே மருத்துவரின் கையெழுத்து. ஆணை மட்டும் கிடைக்கவில்லை. இப்போது வாரியத்துக்குப் போக வேண்டுமா?

பழைய சிப்பாய்

நான் சொன்ன மூன்று நிபந்தனையும் அந்த ஒரே தாளில் இருக்கிறது. ஆணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் அதையே இணைத்து ஃபோர்ட் நாக்ஸ் விருதுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே முடிந்தால் நல்லது. மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு டிடி-149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போங்கள். நிர்வாக வழிகளை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று வாரியம் எதிர்பார்க்கும்.

டிடி-149-இல் ஒரு கேள்வி பயமுறுத்தும்: பிழையை எப்போது கண்டுபிடித்தீர்கள், மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஏன் ஏற்க வேண்டும்? சட்டத்தில் மூன்று வருட எல்லை இருக்கிறது. நியாயம் கருதி அதைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்துக்கு இருக்கிறது. மருத்துவப் பதிவு இந்த வருடம்தான் முதன்முதலாகக் கைக்கு வந்தது என்று உண்மையை அப்படியே எழுதுங்கள். என்ன பிழை, என்ன திருத்தம், எந்தத் தாள் அதை நிரூபிக்கிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் சொல்லுங்கள். தாள்களுக்கு எண் போட்டு, முக்கிய வரியை ஓரத்தில் குறியுங்கள். அசலை அனுப்பாதீர்கள்.

போடுவதற்கு முன் வாரியத்தின் பழைய தீர்ப்புகளைப் படித்துப் பாருங்கள். பெயர்களை நீக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். "பர்ப்பிள் ஹார்ட், மருத்துவமனைப் பதிவு" என்று தேடினால், எந்தத் தாளுக்குத் தலையசைத்தார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பது வரிவரியாகத் தெரியும். மறுத்தாலும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

கொரியா மருமகன்

எனக்கும் ஒரு முன்னேற்றம். சர்ஜன் ஜெனரல் பதிவைக் கேட்டு எழுதினோம், மாமனாரின் சேவை எண் அதில் இருக்கிறது! காயம் சண்டையில் பட்டது என்ற குறியீடும் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், மாமியாரும் இல்லை. என் மனைவி கேட்கலாமா?

ஆவணப்புழு

கேட்கலாம். மறுமணம் செய்யாத வாழ்க்கைத் துணை, பிறகு மகன், மகள் என்று போகும் நெருங்கிய உறவு வரிசை. மகள் தன் பிறப்புச் சான்றையும் அப்பாவின் இறப்புச் சான்றையும் இணைக்க வேண்டும். ஒன்று கூடுதலாக: வெளியேறி 62 வருடம் கடந்த கோப்புகள் காப்பக ஆவணமாகி, யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடியவை ஆகின்றன. 1953 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே மிஞ்சிய தாள்களைப் பார்க்க உறவுச் சான்று தேவையில்லை, பதக்கம் கேட்கத்தான் தேவை.

வைகைக்கரை

பக்கத்து வீட்டுக்காரரிடம் நேற்று இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அவர் கடற்படை, மெக்கோங் ஆற்றில் ரோந்துப் படகு, 1967. அவரும் தன் டிடி-214-ஐ எடுத்துக் காட்டினார். படகு சுடப்பட்டது, இவர்களும் திருப்பிச் சுட்டார்கள், ஆனால் தாளில் சண்டைக்கான விருது எதுவும் இல்லை. கடற்படைக்கு கம்பாட் பேட்ஜ் கிடையாதாமே? அவருக்கும் இதே வாரியமா?

பழைய சிப்பாய்

கடற்படைக்கு வேறு வாரியம், கடற்படை ஆவணத் திருத்த வாரியம். படிவம் அதே டிடி-149. மரீன் வீரர்களும் அங்கேதான் போக வேண்டும். அவர் கேட்க வேண்டியது கம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன். அதை 1969 பிப்ரவரியில்தான் உருவாக்கினார்கள், ஆனால் 1961 மார்ச் 1 முதல் முன்தேதியிட்டுப் பொருந்தும்படி வைத்தார்கள். பிறகு வந்த சட்டம் அதை 1941 டிசம்பர் 7 வரை பின்னோக்கி நீட்டியது. அவர் 1967-இல் இருந்தார், 1969-க்கு முன்பே வெளியேறியிருந்தால் தாளில் இல்லாததற்குக் காரணம் அதுவே. எதிரியின் சுடுதலுக்கு உள்ளாகிச் சண்டையில் பங்கெடுத்ததைக் காட்ட வேண்டும். படகுப் பிரிவின் எண்ணையும் நினைவிருக்கும் தேதிகளையும் இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. முழு ஆளணிக் கோப்புக்கு எஸ்.எஃப்.-180-ஐ அவரே கையெழுத்திட்டு அனுப்பட்டும். அது வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.